‘இல்லை’ என்று எழுதிய பதில்

போன மாதம் விழுப்புரத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளநிலை உதவியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கடிதம் எழுதியவளுக்குப் பேச்சுக்கா பஞ்சம் என்று கிளம்பிப் போனேன்.

கோப்பில் பக்க எண் போடுவது, குறிப்புத் தாளில் ஓரம் விடுவது, நினைவூட்டுக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று பேசினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லாம் கணினியில். மனு வந்தால் திரையில் நாலைந்து பதில்கள் வரிசையாக வரும், ஒன்றைத் தொட்டால் மனுதாரரின் கைப்பேசிக்கே போய்விடும். நான் சொன்ன ஓரமும் பக்க எண்ணும் அவர்களுக்குத் தேவைப்படப் போவதில்லை.

முடியும் நேரத்தில் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“மேடம், நீங்க அனுப்பின பதில்ல எதையாவது திருப்பி வாங்கிடணும்னு நெனச்சது உண்டா?”

“இல்லம்மா” என்றேன். கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் இரண்டு முறை எழுந்து நின்றேன். “என்னாம்மா, எறங்கணுமா?” என்று கண்டக்டர் கேட்டார். அந்தப் பெண்ணிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்துக்காரி. பெயர் செசிலி. தேர்வு எழுதித் தட்டச்சராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் தட்டச்சு, நாலு வருடம் தபால் பிரிவு, அப்புறம் ஊர் ஊராக மாற்றல், கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அந்த வருடங்களில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பிறகு விழுப்புரத்தில் உள்ளாட்சிகளைக் கவனிக்கும் ஒரு அலுவலகத்தில் உதவியாளராக உட்கார வைத்தார்கள். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன்.

எங்கள் பிரிவுக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. திங்கட்கிழமை மனுக்களுக்குப் பதில், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பவர்களுக்குப் பதில், கவுன்சிலர்கள் மேல் வரும் புகார்களுக்குப் பதில், வீட்டு வரி ஏன் ஏறியது, உதவித்தொகை ஏன் நின்றது என்பதற்குப் பதில். எல்லாவற்றுக்கும் மேலே, சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விக்கு எங்கள் மாவட்டத்துப் பதில். அது வந்தால் மற்றதெல்லாம் நின்றுவிடும்.

கண்காணிப்பாளர் தரணேந்திரன் சார். செஞ்சிப் பக்கத்துக் கிராமம், சமணர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மேஜையில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும், அதன் வாயில் துணி கட்டி வடிகட்டித்தான் தண்ணீர் குடிப்பார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். அதனால் வேலை அதிகமுள்ள நாளில் ஐந்தரை மணிக்கு ஆபீசிலேயே டிபன் டப்பாவைத் திறந்து, யாரையும் பார்க்காமல் சீக்கிரமாகச் சாப்பிட்டு முடித்துவிடுவார்.

அவர் வரைவைத் திருத்தும் விதம் விசித்திரமாக இருக்கும். உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, வெளியே கேட்காத குரலில், கடிதத்தைப் பெறப்போகிறவர் படிப்பது போல முதலிலிருந்து படிப்பார். இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அடிக்கவும் மாட்டார், மாற்றி எழுதவும் மாட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்து ஒரே கேள்விதான் கேட்பார்: “யார் பார்த்தது?”

‘விசாரித்ததில் தெரியவருகிறது’ என்று எழுதியிருந்தால், யார் விசாரித்தது? ‘வசிக்கவில்லை எனத் தெரிகிறது’ என்றால், எவர் போய்ப் பார்த்தது? பதில் இல்லாவிட்டால் அந்த வரி போகாது. எங்கள் பிரிவில் அவருக்குப் பேஜாரு சார் என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கிளியனூர் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் மனு கொடுத்தார். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர். ‘என் வீட்டுக்கு வரி போடுங்கள்’ என்பதுதான் மனு. வரியைக் குறைக்கச் சொல்லித்தான் உலகமே வரும், இந்த ஆள் போடச் சொல்கிறாரே என்று நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தரணேந்திரன் சார் சிரிக்கவில்லை.

“வரி ரசீது இருந்தாத்தான் அவரு அங்க இருக்காருன்னு நம்ம ஒத்துக்குவோம். அதத்தான் கேக்கறாரு” என்றார்.

புறம்போக்குக்கு வரி விதிக்க வழியில்லை என்று பதில் போனது. விதி அப்படி. அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட அரை நாள் எடுத்துக்கொண்டார்.

இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சியைப் பற்றியது. ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காலைத் தபாலில் ‘மிக அவசரம்’ என்ற முத்திரையோடு வந்தது, மாலை நான்கு மணிக்குள் பதில் போக வேண்டும். மூன்று பகுதி. அ: அந்தப் பேரூராட்சியில் வீடற்றோர் உள்ளனரா? ஆ: ஆம் எனில், எத்தனை பேர்? இ: அவர்கள் தங்குவதற்கு அரசு ஆவன செய்யுமா?

பழகிய கைக்கு இது சுலபம். முதல் பகுதிக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் மற்ற இரண்டுக்கும் ‘வினா எழவில்லை’. மூன்று வரியில் வேலை முடிந்தது.

பேரூராட்சியில் கேட்டோம். மதியத்துக்குள் செயல் அலுவலரின் அறிக்கை வந்தது. வீடற்றோருக்கென்று தங்குமிடம் கட்டப்பட்டு நல்ல முறையில் செயல்பட்டுவருகிறது, எனவே ஊரில் வீடற்றோர் எவரும் இல்லை. அதை அப்படியே வரைவாக்கி சாரிடம் கொடுத்தேன். எழுந்து நின்று படித்தார். புள்ளி வைத்தார்.

“யார் பார்த்தது?”

“செயல் அலுவலர் ரிப்போர்ட் இருக்குது சார்.”

“அவரு எழுதினது தெரியுது. யார் பார்த்தது?”

மணி மூன்றரை. அன்று என் சின்னவனுக்குக் காய்ச்சல், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஐந்து மணி ரயிலைப் பிடித்தே தீர வேண்டும். இன்னொரு முறை பேரூராட்சிக்குப் போன் போட்டு, அவர்கள் ஆள் அனுப்பி, பதில் வந்து சேர்வதற்குள் ரயில் போய்விடும்.

“நானே பார்த்தேன் சார்” என்றேன். “போன மாசம் எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். கட்டடம் இருக்குது. போர்டு மாட்டியிருக்குது. கதவு தொறந்து இருந்துது.”

மூன்றும் நிஜம். சர்ச்சில் பூசை முடிந்து கல்யாண மண்டபத்துக்கு நடந்து போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். ‘நகர்ப்புற வீடற்றோர் தங்கும் இடம்’ என்று போர்டு இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து இரண்டு ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காகத் தூக்கிவந்து டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான். உள்ளே கூரை வரைக்கும் நாற்காலி, ஷாமியானா துணி, அண்டா, குண்டான். ஒரு கட்டில்கூட இல்லை. அந்த வார்டு கவுன்சிலருக்குக் கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் தொழில். இதையெல்லாம் நான் சாரிடம் சொல்லவில்லை.

“நீ பார்த்தன்னா சரி” என்று கையெழுத்துப் போட்டார். அவர் நம்பியது அந்தச் செயல் அலுவலரை அல்ல, என்னை. ஐந்து மணி ரயிலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது பையனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

அந்தப் பதில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது என்று எங்களுக்குத் தகவல் வந்தது. நான் மறந்தும் போனேன்.

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. மனு வாங்கும் கூட்டம் கலைந்த பிறகு, ஒரு அம்மா எங்கள் பிரிவு வாசலில் வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். துவைத்து உலர்த்திய புடவை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். இடுப்பில் ஒரு துணி மூட்டை, கையில் வேர்க்கடலை வாசனை வீசும் ஒரு அலுமினியக் குண்டான். யார் முகத்திலும் பார்க்காத சந்தோஷம் அவர் முகத்தில். எங்கள் ஆபீசுக்கு அப்படி யாரும் வருவதில்லை.

“நான் கன்னியம்மா. இந்த லெட்டர் நீங்க தான் போட்டீங்களாம். வந்துட்டேன்” என்றார்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பேரூராட்சியிலிருந்து அவருக்கு வந்த பதில், எங்களுக்கும் நகல் என்று கீழே போட்டிருந்தது. தங்குமிடத்தில் தனக்கு இடம் வேண்டும், முதியோர் உதவித்தொகையும் வேண்டும் என்று அவர் யாரையோ வைத்து மனு எழுதியிருக்கிறார். அதற்கு இப்படிப் பதில்: ‘இப்பேரூராட்சியில் வீடற்றோர் எவரும் இல்லை என அரசு ஏற்கெனவே தெரிவித்துள்ளது. எனவே தங்கள் கோரிக்கை ஏற்புடையதன்று. மனுவில் முகவரி இல்லாததால் உதவித்தொகைக் கோரிக்கையும் பரிசீலிக்க இயலாது.’

“எங்கம்மா தங்கிக்கினு இருக்கீங்க?”

“சந்தை கொட்டாயில. மழை வந்தா பஸ் ஸ்டாண்டு. வேக வெச்ச மல்லாட்டை விக்கிறேன். டீக்கடையில தான் போஸ்ட்மேன் குடுத்துட்டுப் போனாரு.”

“இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“டீக்கடைக்காரரு படிச்சுச் சொன்னாரு. நம்ம ஊர்ல வூடு இல்லாதவங்க யாருமே இல்லன்னு கவர்மெண்டு எழுதிடுச்சாம். அப்ப எனக்கும் வூடு இருக்குதுன்னு தானே அர்த்தம்னு சொன்னாரு. அது எங்க இருக்குதுன்னு கேக்கத்தான் வந்தேன். எந்தத் தெருவுன்னு சொன்னா நானே போய்க்குவேன்.”

அந்த டீக்கடைக்காரர் கேலியாகச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா, எனக்கு இன்றும் தெரியாது. கன்னியம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மூட்டையை அவிழ்த்தார். நாலு துணி, ஒரு சாமி படம், காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்துக் காட்டினார். புதுப் பூட்டு, சாவியோடு.

“பஸ் ஸ்டாண்டாண்ட வாங்கினேன். வூட்டுக்கு வேணும் இல்ல?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். “இதுல அப்படி எழுதலம்மா” என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் பூட்டை மறுபடியும் காகிதத்தில் சுற்றினார்.

“அப்ப ஜல்தியா கெளம்பறேன். மல்லாட்டை ஊற வெச்சது அப்படியே இருக்குது” என்று போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

சனிக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் சில ஜெபங்கள் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் சாமியாரிடம் சொல்வது சுலபம், அவர் கோப்பைக் கேட்க மாட்டார். மறுநாள் பூசையில் உட்கார்ந்திருக்கும்போதும் பூட்டைச் சுற்றிய அந்தக் காகிதச் சத்தம் காதில் கேட்டது.

திங்கட்கிழமை மாலை, எல்லாரும் போன பிறகு, தரணேந்திரன் சார் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் போய் நின்றேன். கல்யாணம், போர்டு, நாற்காலி, அண்டா, கன்னியம்மா, எல்லாவற்றையும் சொன்னேன்.

“சேரு எடுத்துக்கினு போனதையும் அன்னைக்கே பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

டப்பாவை மூடினார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவர் அன்று சாப்பிடவில்லை. என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். “நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்” என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனோம். முன்னறிவிப்பு இல்லாமல்தான் போனோம், ஆனாலும் நாங்கள் கட்டட வாசலுக்குப் போவதற்குள் கவுன்சிலர் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். குணசேகரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது, சிரித்த முகம். கையோடு இளநீர் வெட்டி எடுத்துவரச் சொல்லிவிட்டார். சார் குடிக்கவில்லை.

“கதவைத் தொறங்க.”

திறந்தார். அன்று பார்த்ததேதான். நாற்காலி இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

“சேரு தானே சார், ஒரு அவர்ல எடுத்துடறேன்” என்றார் குணசேகரன். “ஆனா ஒண்ணு சொல்றேன் சார். இங்க எவனும் வந்து படுக்க மாட்டான். சும்மா கெடந்தா குடிகாரப் பசங்க உள்ள பூந்துடுவானுங்க. நான் சாமான் வெச்சிருக்கிறதால தான் இந்தக் கட்டடமே கட்டடமா நிக்குது. வாசல்ல லைட்டு கூட நான் தான் போட்டேன். ஜனங்களுக்குச் செய்யிறவன் சார் நான். ஏழை வூட்டுக் கல்யாணம்னா வாடகையே வாங்க மாட்டேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் அவருக்கு நல்ல பெயர்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அக்காவே சொல்லட்டும். உங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பைசா வாங்கினேனா?”

இது எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் நின்று ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு நொடிதான். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்ப்பது அந்த ஒரு நொடியைத்தான்.

பிறகு சந்தைக் கொட்டகைக்குப் போனோம். கன்னியம்மாவும் இன்னும் சிலரும் இருந்தார்கள். சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, எத்தனை காலமாக இங்கே என்று கேட்டுத் தன் கையாலேயே எழுதினார். காது கேட்காத ஒரு பெரியவரிடம் மூன்று முறை கேட்டார்.

ஆபீசுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “திருத்தம் எழுது.”

சட்டமன்றத்துக்குப் போன பதிலைத் திருத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தவறு எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்ற விளக்கத்தோடு மேலே போக வேண்டும். விளக்கம் போனால் யார் மேலாவது நடவடிக்கை வரும். சாருக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது.

நான் எழுதினேன்: ‘கள அலுவலரின் அறிக்கையின் அடிப்படையில் தவறு நேர்ந்துவிட்டது.’ அவர் எழுந்து நின்று படித்தார். ‘நேர்ந்துவிட்டது’ என்ற சொல்லின் மேல் புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று எழுதினேன்: ‘உரிய சரிபார்ப்பு மேற்கொள்ளப்படவில்லை.’ மறுபடியும் புள்ளி. நான் என் பெயரை எழுத வேண்டும் என்று அவர் காத்திருக்கிறார், எனக்குப் புரிந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பிள்ளைகள் படிப்பு, அடுத்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, எல்லாம் அந்தத் தாளில் தெரிந்தது.

கடைசியில் அவரே தாளை வாங்கினார். ‘வரைவில் ஒப்பமிட்ட நான் நேரில் ஆய்வு செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எங்கும் இல்லை. நான் அதை வாங்கித் தட்டச்சு செய்து அனுப்பினேன். ‘வேண்டாம் சார்’ என்று சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவர் ஓய்வு பெறும் நாளன்று பூமாலை வாங்கி வைத்திருந்தோம். மதியம் தபாலில் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு நிலுவையில் இருப்பதால் விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை. செம்பையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டு, செஞ்சி பஸ் ஏறினார். மாலையைப் பிள்ளையார் கோயிலில் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாத வியாதி வந்தது. எதையாவது செய்தாக வேண்டும். தங்குமிடத்திலிருந்து நாற்காலியெல்லாம் போயிருந்தது. கட்டில் வந்தது, காவலாளி வந்தார், கன்னியம்மாவும் மற்றவர்களும் உள்ளே போனார்கள். ஆனால் அவருக்கு உதவித்தொகை வரவில்லை. விண்ணப்பத்தில் முகவரிக்குக் கதவு எண்ணும் சொத்து வரி எண்ணும் கேட்டார்கள். தங்குமிடம் அரசுக் கட்டடம், வரி கிடையாது. வரி இல்லாததால் வரி எண் இல்லை. எண் இல்லாததால் அந்த முகவரியைக் கணினி ஏற்கவில்லை. வீடு கிடைத்தும் கன்னியம்மா ஊரில் இல்லாதவராகவே இருந்தார்.

வரி போடச் சொன்ன அந்த ஏரிக்கரை மனிதரின் மனு எனக்கு அப்போதுதான் புரிந்தது. விதிகளைப் புரட்டினேன். விலக்கு அளிக்கப்பட்ட கட்டடத்துக்கும் எண் கொடுத்து, வரி ‘இன்மை’ என்று பதியலாம் என்று ஒரு வாக்கியம் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போனேன். விடுப்பு போட்டுவிட்டு அந்த ஊருக்கே போய், வரிப் பிரிவில் காத்துக் கிடந்தேன். அங்கே இருந்தவர் கேட்டார்: “உங்களுக்கு என்ன மேடம் இதுல? சொந்தமா?” அந்த வாக்கியத்தை மறுபடியும் காட்டினேன். ஏழெட்டு மாதம் ஆனது. எண் கிடைத்தது. அதே எண்ணைப் போட்டு உதவித்தொகை விண்ணப்பமும் போனது, உத்தரவும் வந்தது. கன்னியம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“இந்தத் தடவ எழுதியிருக்கிறது நெசம் தானே?” என்று கேட்டார்.

“நெசம் தாம்மா.”

“அப்ப சரி.”

ஒரு வருடம் கழித்து விசாரணை அதிகாரி என்னைச் சாட்சியாக அழைத்தார். சின்ன அறை. தரணேந்திரன் சார் எதிரே நாற்காலியில். இன்னும் மெலிந்திருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார்.

“கண்காணிப்பாளர் உங்ககிட்ட எதையும் சரிபார்க்காமத்தானே கையெழுத்துப் போட்டாரு?” என்று அதிகாரி கேட்டார். ‘ஆமாம்’ என்று சொன்னால் முடிந்துவிடும். சாரே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதை மறுத்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

“இல்ல சார். ரெண்டு தடவ கேட்டாரு. யார் பார்த்ததுன்னு கேட்டாரு. நான் பார்த்தேன்னு சொன்னேன். உள்ள சேரு அடுக்கி வெச்சிருந்ததைப் பார்த்தும் மறைச்சேன். தப்பு என்னுது.”

தட்டச்சு செய்தவர் கையை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். “அப்படியே அடிங்க” என்றார் அதிகாரி.

சார் விடுவிக்கப்பட்டார். அவருக்கு வரவேண்டியதெல்லாம் வந்தது. எனக்குத் தண்டனை வந்தது. என்னோடு சேர்ந்தவர்களும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களும் கண்காணிப்பாளர்களாகி, நான் அவர்களிடம் வரைவு கொண்டுபோய் நின்றேன். கல்யாணச் சாமான் விஷயம் வெளியே வந்ததில் அண்ணன் வீட்டோடு இரண்டு வருடம் பேச்சு இல்லை. அதெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது.

தாங்க முடியாதது வேறு. உத்தரவை வாங்க வந்த அன்று சார் என் மேஜைக்கு வந்தார். நன்றியும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. “அந்தத் திருத்தம் சபையில படிச்சாங்களா?” என்று கேட்டார்.

“தெரியல சார்.”

“பாரு.”

பார்த்தேன். அச்சான நடவடிக்கைக் குறிப்புகளில் தேடினேன், கடிதம் எழுதினேன், மேலே உள்ளவர்களைக் கேட்டேன். என் ‘இல்லை’ அச்சில் இருந்தது. திருத்தம் என் கண்ணில் படவில்லை. எங்காவது இருக்கலாம், நான் தேடாத பக்கத்தில் இருக்கலாம். சார் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்வார். நலம் விசாரித்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்பார். நானும் அதே பதிலைத்தான் சொல்வேன். இப்போது போன் வருவதில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பயிற்சி வகுப்பு முடிந்த மறுநாள் காலை, வீட்டில் இருக்க முடியாமல் அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். கன்னியம்மா எப்போதோ காலமாகிவிட்டார். வார்டுக்கு இப்போது ஒரு பெண் கவுன்சிலர். தங்குமிடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியாது.

“தங்கறதுக்கு வந்தீங்களாம்மா? பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“இல்லைங்க. சும்மா பார்க்க வந்தேன். இப்ப எத்தினி பேரு இருக்காங்க?”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கட்டம் கட்டமாகப் பெயர்கள், உள்ளே பதினொரு பேர். தாளின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, பென்சிலில் இன்னும் நாலு பெயர்.

“இது யாருங்க?”

“உள்ள கட்டில் இல்ல. பின்னாடி வேப்ப மரத்தடியில இருக்காங்க. அவங்களுக்குக் கட்டம் இல்ல, அதான் ஓரத்துல எழுதிக்கினு வர்றேன்.”

“யாரு எழுதச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலம்மா. இருக்காங்க இல்ல?”

நான் பின்பக்கம் போனேன். மரத்தடியில் சாக்கு விரித்து ஒரு அம்மா கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். “குந்துங்க” என்றார். உட்கார்ந்தேன்.

“எந்த ஊரு?”

“திண்டிவனம்.”

“வூடு இருக்குதா?”

“இருக்குது.”

“அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?”

“உங்களையெல்லாம் பார்க்கலாம்னு.”

கூழைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பார்த்தாச்சா?”

இன்னும் இல்லை என்றேன். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன்.